நரைமுடிச் சட்டமன்றங்கள்: அமெரிக்க மாநிலங்களில் முதியோர் எழுதும் மசோதாக்கள்

அமெரிக்காவில் மருத்துவப் பராமரிப்பு இல்லம் ஒன்றில், மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் துணையோடு தங்கியிருக்கும் முதியவருக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் ஏறத்தாழ முழுவதும் அந்த இல்லத்தின் கட்டணத்துக்கே போய்விடுகிறது. அவர் கையில் விட்டுவைக்கப்படுவது ஒரு சிறு தொகை மட்டுமே. முடிவெட்டிக்கொள்வது, பிடித்த சோப்பு வாங்குவது, கைபேசிக் கட்டணம் செலுத்துவது, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவது எல்லாம் அந்தத் தொகைக்குள் முடிய வேண்டும். கூட்டாட்சிச் சட்டம் இதற்கு வகுத்த குறைந்தபட்ச அளவு 1988 முதல் 30 டாலராகவே நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவுசெய்துகொள்கிறது. கலிஃபோர்னியாவில் அது பல பத்தாண்டுகள் 35 டாலராகவே இருந்தது. டெக்சஸ் மாநிலம் 2003ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் 60 டாலரை 45 ஆகக் குறைத்தது. பிறகு பழைய அளவுக்கே திரும்பியது. 2023இல் செனஃப்ரோனியா தாம்சன் என்னும் நெடுநாள் உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவின் வழியாக 75 ஆக உயர்த்தியது.

ஒரு மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பதினைந்து டாலர் என்பது கண்ணில் படாத எண். அறைக்குள் படுத்திருப்பவருக்கோ அது மாத வாழ்க்கையின் கால்வாசி. இப்படிப்பட்ட எண்களால்தான் முதுமை பற்றிய சட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. அவற்றின் எடையை, அவற்றோடு வாழ்பவர்களும் அவர்களை நாள்தோறும் கவனித்துக்கொள்பவர்களும் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிவதில்லை. தேர்தல் நாளில் வாக்களிப்பதால் மட்டும் இந்த அறிவு சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. மசோதாவின் வாசகம் எழுதப்படும் மேசையில் அது இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஐம்பது ஆண்டுகளாக இயங்கிவரும் முதியோர் சட்டமன்றங்கள் அந்த மேசையைத் தேடிச் சென்ற முயற்சிகள் என்றே அவற்றைப் படித்தறியும்போது எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும், 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிகேர் காப்பீடும் வாஷிங்டனில் தீர்மானிக்கப்படுபவை. ஆனால் ஒரு முதியவரின் அன்றாடத்தைத் தொடும் மற்றவற்றில் பெரும்பகுதி மாநிலத் தலைநகரங்களில் முடிவாகிறது. பராமரிப்பு இல்லத்துக்கு உரிமம் வழங்குவது, அங்கே எத்தனை நோயாளிகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்று வகுப்பது, முதியவர் ஒருவருக்குத் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை என்று நீதிமன்றம் கருதினால் அவருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் நடைமுறை, முதியோரை ஏமாற்றுவோர்க்கும் துன்புறுத்துவோர்க்கும் தண்டனை, வீட்டு வரிச் சலுகை, வீட்டுக்கே வரும் உணவுக்கும் உதவியாளருக்கும் ஒதுக்கப்படும் பணம் ஆகிய இவையெல்லாம் மாநிலச் சட்டங்கள். பராமரிப்பு இல்லங்களில் இருப்போரில் பத்தில் ஆறு பேரின் செலவை ஏற்கும் மெடிக்கெய்டுகூட, கூட்டாட்சியின் பணமும் மாநிலத்தின் பணமும் கலந்து, மாநிலத்தின் விதிகளின்படியே இயங்குகிறது.

முதியோர் அரசியலாக அணிதிரள்வது அந்த நாட்டுக்குப் புதிதன்று. பெருமந்தத்தின் நடுவில், 1933இல், கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத்து மருத்துவர் ஃபிரான்சிஸ் டவுன்செண்ட், 60 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் தர வேண்டும், அதை அவர்கள் 30 நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். கணக்கில் அது நிற்கவில்லை. ஆனால் அதன் பெயரால் நாடெங்கும் தோன்றிய மன்றங்களின் அழுத்தம், 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று. 1970இல், 65 வயதானதும் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட மேகி கூன் 'சாம்பல் சிறுத்தைகள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வீதிக்கு வந்தார். முதியோர் சட்டமன்றங்கள் வீதியிலிருந்து பிறந்தவை அல்ல. அவற்றின் வேர் நிர்வாகத்தில் இருக்கிறது.

1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட முதிய அமெரிக்கர் சட்டம் முதியோர் சேவைகளுக்குக் கூட்டாட்சி நிதியைத் திறந்துவிட்டது. 1973இல் அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு முதியோர் நல முகமையை ஏற்படுத்த வழிசெய்தது. இன்று அத்தகைய முகமைகள் 600க்கும் மேல் உள்ளன. உணவு, போக்குவரத்து, பகல்நேர மையம் என்று ஒரு வட்டாரத்தின் முதியோர் அனைவரையும் அறிந்த அலுவலகம் ஒன்று முதன்முறையாக உருவானது. அவர்களைக் கூட்டவும், அவர்களுக்குள் தேர்தல் நடத்தவும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைத் தலைநகருக்கு அழைத்துச் செல்லவும் ஏற்ற கட்டமைப்பு அதனால் கிடைத்தது. அதே 1973இல் மிசோரி மாநிலத்தில் நாட்டின் முதல் முதியோர் சட்டமன்றம் தோன்றியதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

அதற்கு அவர்கள் வைத்த பெயரை 'வெள்ளி முடிச் சட்டமன்றம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். 'நரைமுடி' என்று சொல்வதே தமிழுக்கு இசைவாக இருக்கிறது. வழக்கோடு வந்த முதியவர்கள் இளையவன் தீர்ப்பில் நம்பிக்கை வைக்கமாட்டார்கள் என்று எண்ணிய கரிகாலன் நரைமுடி கட்டிக்கொண்டு அமர்ந்து முறை செய்த கதை நமக்குத் தெரியும். அங்கே நரை ஒரு வேடம்; நீதி வழங்கியவன் இளைஞன். மிசோரியின் தலைநகரான ஜெஃபர்சன் சிட்டியில் கூடியவர்களின் நரை அவர்களுடையது. ஆனால் கரிகாலனுக்கு இருந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ஆம், இந்த மன்றங்கள் எதையும் சட்டமாக்க முடியாது. அவற்றில் நிறைவேறும் தீர்மானம் உண்மையான சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அப்படியானால் இது முதியோர் கூடிக் கலையும் ஒரு மாதிரிச் சட்டமன்றம்தானே என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை காண அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் சட்டமுன்வடிவு என்றால் அது அரசு கொண்டுவருவது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்த மசோதா ஒன்று இந்திய நாடாளுமன்றத்தில் கடைசியாக நிறைவேறியது 1970இல். அமெரிக்க மாநிலங்களில் ஆட்சியை நடத்தும் ஆளுநர் சட்டமன்றத்தில் உட்கார்வதில்லை. மசோதாவை அறிமுகம் செய்யும் உரிமை ஒவ்வோர் உறுப்பினரிடமும் இருக்கிறது. அவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். டெக்சஸில் 2023ஆம் ஆண்டின் வழக்கமான கூட்டத்தொடரில் தாக்கலான மசோதாக்கள் 8,000க்கும் மேல்; நிறைவேறியவை ஏறத்தாழ 1,250. எனவே, விருப்பமுள்ள ஓர் உறுப்பினரைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு குடிமகனின் யோசனை மசோதாவாகிவிடும். கடினமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. பெரும்பாலான மசோதாக்கள் எதிர்த்து வாக்களிக்கப்பட்டுத் தோற்பதில்லை; குழுவில் விசாரணைக்கே எடுக்கப்படாமல், நாட்கள் தீர்ந்து மறைந்துபோகின்றன.

நாட்களும் குறைவு. டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் கூடுகிறது. அதன் உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர். நியூ ஹாம்ப்ஷயரின் பிரதிநிதிகள் அவையில் 400 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1889இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டபடி அவர்களுக்கு ஆண்டுக்கு 100 டாலர்தான். (அங்கே முதியோர் தனி மன்றம் தேடிப் போக வேண்டியதேயில்லை, அந்தச் சம்பளத்துக்கு வேலையை விட்டுவர முடிந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள் என்பதால் அவையே பாதி நரைத்திருக்கிறது.) வக்கீல் தொழிலையோ பண்ணையையோ பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகச் சட்டம் இயற்றும் ஓர் உறுப்பினருக்கு, முதியோருக்குப் பாதுகாவலர் நியமிக்கும் சட்டத்தின் நுணுக்கங்களை ஆராய்ந்து தர விரிந்த அலுவலகம் கிடையாது. யாராவது அந்த வேலையைச் செய்துகொண்டுவந்து கொடுத்தால் அவர் ஏற்றுக்கொள்வார். பெரும்பாலும் அப்படிக் கொண்டுவருபவர்கள், தங்களை அமர்த்தியவர்களுக்காகச் சட்டமியற்றுவோரிடம் பேசச் சம்பளம் பெறும் பரிந்துரையாளர்கள். பராமரிப்பு இல்ல உரிமையாளர்களுக்கும் அத்தகையோர் இருக்கிறார்கள். முதியோர் சட்டமன்றம் நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். நேரம் என்னும் செல்வம் ஓய்வுபெற்றவர்களிடம் இருக்கிறது. அதை அவர்கள் ஊதியமின்றித் தருகிறார்கள்.

மன்றங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1980இல், அப்போது கீழவை உறுப்பினராக இருந்த ஹென்றி மெல்லோவின் முன்முயற்சியில் உருவான கலிஃபோர்னியா முதியோர் சட்டமன்றம், உண்மையான அவைகளின் அளவையே பின்பற்றுகிறது: 40 முதியோர் செனட்டர்கள், 80 முதியோர் பேரவை உறுப்பினர்கள். உறுப்பினராக 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்சிச் சார்பு கூடாது. ஒவ்வோர் உறுப்பினரும் தன் வட்டாரத்தில் கேட்டறிந்த குறைகளிலிருந்து முன்மொழிவு ஒன்றை எழுதுகிறார். மாநிலத் தலைநகரான சேக்ரமெண்டோவில் கூடும்போது அவை குழுக்களில் அலசப்படுகின்றன. வலுவற்றவை கழிகின்றன, ஒத்தவை இணைகின்றன. இறுதியில் முதன்மையான மாநில முன்மொழிவுகள் பத்து என்ற அளவுக்குள் தேர்வாகின்றன. அந்தப் பத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் தன் மசோதாவாக ஏற்று அறிமுகம் செய்யும் ஓர் உறுப்பினரை உண்மைச் சட்டமன்றத்தில் தேடிப் போகிறார்கள்.

இந்தச் சலித்தெடுப்புதான் முழு ஏற்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். நூறு குறைகளோடு வரும் குழுவுக்கு எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் காது கொடுப்பதில்லை. தங்களுக்குள் வாதாடி, தங்கள் சொந்த யோசனைகளில் பெரும்பாலானவற்றைத் தாங்களே கைவிட்டு, மீந்ததோடு வருபவர்களின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. 1985இல் மாநிலச் சட்டமன்றத்தின் கூட்டுத் தீர்மானத்தால் ஏற்கப்பட்ட டெக்சஸ் முதியோர் சட்டமன்றமும் இப்படியே தன் தீர்மானங்களை வரிசைப்படுத்துகிறது. உண்மைச் சட்டமன்றம் கூடும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே அந்த வேலை முடிந்துவிட வேண்டும். ஏனெனில் கூட்டத்தொடரின் 60ஆவது நாளோடு பொதுவான மசோதாக்களைத் தாக்கல் செய்யும் காலம் முடிந்துவிடுகிறது. மசோதாவின் செலவு எவ்வளவு என்று வரவு செலவு வாரியம் எழுதும் குறிப்பு சாதகமாக இருக்குமா என்பதையும் அனுபவமுள்ள உறுப்பினர்கள் முன்கூட்டியே கணிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பெரிய கோரிக்கைகள் சிறியவையாகச் சுருங்குவது அங்கேதான்.

யாரை யார் பிரதிநிதித்துவம் செய்வது என்ற சிக்கலும் இங்கே எழுகிறது. வட கரோலினாவின் பொதுப்பேரவை 1993இல் சட்டம் இயற்றியே தன் முதியோர் மன்றத்தை ஏற்படுத்தியது. மாநிலச் சட்ட நடைமுறைகளை முதியோருக்கு எடுத்துச் சொல்வதும், அவர்களின் தேவைகளைப் பேரவைக்குத் தெரிவிப்பதும் அதன் கடமை. நம் மாவட்டம் போன்ற பிரிவான கவுன்டிகள் 100க்கும் ஆளுக்கோர் உறுப்பினர். சார்லட் நகரம் உள்ள மெக்லன்பர்க் கவுன்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்; 2020 கணக்கெடுப்பின்படி டிரெல் கவுன்டியில் 3,245 பேர்; இரண்டுக்கும் ஒரே இடம். வாக்கின் சமத்துவம் என்ற அளவுகோலில் இது கோணலானது. ஆனாலும் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மருத்துவமனை தொலைவில் இருப்பதும், பேருந்து இல்லாததும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதும் சிறிய ஊர்களின் முதியோரைக் கூடுதலாக வாட்டுபவை. எண்ணிக்கைப்படி இடம் ஒதுக்கினால் அவர்கள் குரல் கேட்காமலே போய்விடும். 1982இல் தொடங்கிய கான்சாஸ் மன்றம் இதற்கு இடைவழி கண்டது: 105 கவுன்டிகளுக்கும் ஒவ்வோர் இடம், அதோடு மக்கள்தொகை மிகுந்த கவுன்டிகளுக்கு மேலும் 20 இடங்கள், மொத்தம் 125. கான்சாஸின் உண்மையான கீழவைக்கும் அதே எண்ணிக்கைதான்.

வட கரோலினா மன்றத்தின் முன்னுரிமைகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். ஆண்டுகள் மாறினாலும் கோரிக்கைகள் அதிகம் மாறுவதில்லை: வீட்டிலேயே உணவும் உதவியும் தரும் நிதித் தொகுப்பை உயர்த்துதல், துன்புறுத்தலுக்கு உள்ளாகும் முதியோரைக் காக்கும் பணியாளர்களை அதிகரித்தல், பராமரிப்பு இல்லங்களில் பணியாளர் எண்ணிக்கைக்கு வரையறை, அங்கிருப்போரின் புகார்களைக் கேட்கும் குறைதீர்ப்பாளர்களின் எண்ணிக்கையை உயர்த்துதல். திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளலாம். ஆனால் உறுப்பினர்கள் தேர்தலில் மாறுகிறார்கள், குழுத் தலைவர்கள் மாறுகிறார்கள், அதிகாரிகள் இடம் மாறுகிறார்கள். சென்ற முறை இந்த மசோதா எந்தக் குழுவில், எந்தத் திருத்தத்தால் நின்றுபோனது என்று நினைவில் வைத்திருப்பவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த எழுபத்தைந்து வயதுக்காரராகவே பல நேரங்களில் இருக்கிறார்.

பணத்தின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. கூட்டாட்சி நிதியைச் சட்டமியற்றுவோரிடம் பரிந்து பேசுவதற்குச் செலவழிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே வட்டார முகமைகள் தேர்தல் நடத்தவும் தகவல் தரவும் துணைநிற்கலாமே தவிர, மசோதாவுக்காக வாதாடும் வேலையைத் தன்னார்வலர்களே செய்ய வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா மன்றம் மாநில வருமான வரிப் படிவத்தில் உள்ள ஒரு வரியை நம்பி வாழ்ந்தது. வரி செலுத்துவோர் விரும்பினால் அந்த இடத்தில் ஒரு தொகையை எழுதி நன்கொடையாகத் தரலாம். ஆனால் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு சேராவிட்டால் அந்த வரியே படிவத்திலிருந்து நீக்கப்படும். இந்த நெருக்கடி அதற்கு நேர்ந்திருக்கிறது. மாநிலத்தின் சட்டத்துக்கு இவ்வளவு உழைப்பைத் தரும் ஓர் அமைப்பு, முகம் தெரியாதவர்களின் ஐந்து டாலரையும் பத்து டாலரையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டிவந்தது எனக்கு வருத்தமளிக்கிறது.

இன்னும் ஆழமான குறைகள் இரண்டு உண்டு. ஒன்று, முதியோர் மட்டுமே கூடும் அவைக்கு மற்றத் தலைமுறையின் சுமை எளிதில் தெரிவதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் வீட்டுக்கான பள்ளி வரியை டெக்சஸ் ஓர் உச்சவரம்பில் நிறுத்திவைக்கிறது. நிலையான வருமானத்தில் வாழ்பவர் தன் வீட்டை இழக்காமல் இருக்க அது அவசியம். அதே வேளையில் அந்தச் சலுகையின் செலவை யாரோ ஏற்றாக வேண்டும். அமெரிக்க முதியோர் அரசியலில் குரலற்றவர்களும் அல்லர்: 2020 அதிபர் தேர்தலில் 65 முதல் 74 வயதுக்குட்பட்டோரில் 76 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், 18 முதல் 24 வயதினரில் அது 51 விழுக்காடு. ஆகையால் இந்த மன்றங்களின் மதிப்பை அளக்கும்போது, வரிச் சலுகை கேட்கும் தீர்மானங்களைவிட, வாக்கின் வலிமையால் எளிதில் கிடைக்காத சிறிய, நுணுக்கமான சட்டங்களுக்கே நான் முதலிடம் தருவேன்.

மற்றது வருகை பற்றியது. டெக்சஸின் மேற்கு முனையில் உள்ள எல் பாசோவிலிருந்து மாநிலத் தலைநகரான ஆஸ்டின் ஏறத்தாழ 930 கிலோமீட்டர். அந்தப் பயணத்தை மேற்கொண்டு, விடுதியில் தங்கி, குழு விசாரணையில் இரண்டு மூன்று நிமிடம் பேசுவதற்காக நள்ளிரவு வரை காத்திருக்கக்கூடியவர் உடல்நலமும் ஓரளவு வசதியும் உள்ள முதியவர். மறதிநோய் உள்ள கணவரைத் தனியே விட்டுவர முடியாத மனைவியும், படுக்கையை விட்டு எழ முடியாதவரும், அறுபத்தெட்டு வயதிலும் கடையில் நின்று வேலை செய்பவரும் அங்கே இருப்பதில்லை. அவர்களைப் பற்றித்தான் பெரும்பாலான தீர்மானங்கள் பேசுகின்றன. அவர்கள் பேசுவது குறைவு. பெருந்தொற்றுக்குப் பிறகு வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்களில் வீட்டிலிருந்தே காணொலி வழியாகக் குழுவின் முன் சாட்சியம் தருவது வழக்கமாகியிருப்பது இந்தக் குறையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. கண்பார்வை மங்கியவருக்கும் இணைய இணைப்பு சரியில்லாத சிற்றூர்க்காரருக்கும் அதுவும் ஒரு தடைதான்.

ஆனால் இதற்கான ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சீர்திருத்தம் பராமரிப்பு இல்லங்களில் இருப்போர்க்குத் தங்களுக்குள் ஒரு குழுவாகக் கூடும் உரிமையைத் தந்தது. அவர்கள் எழுப்பும் குறைகளுக்கு இல்லத்தின் நிர்வாகம் செவிசாய்க்க வேண்டும் என்றும் விதித்தது. இரவில் மணியடித்தால் ஆள் வருவதில்லை, ஆறிய உணவு வருகிறது, குளிக்கவைக்கும் முறை தள்ளிப்போகிறது என்று அந்தக் கூட்டங்களில் பேசப்படுபவை பெரும்பாலும் அந்த இல்லத்தின் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. முகமைகளின் தொடர்போடு இல்லங்களுக்குப் போய்வரும் குறைதீர்ப்பாளர்களிடம், அங்கிருப்போர் விரும்பினால், அந்தக் குறிப்புகளைப் பெற்று, முன்மொழிவு எழுதத் தொடங்கும் முன்பே அந்த வட்டாரத்தின் முதியோர் உறுப்பினர் படித்துவிட முடியும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த இல்லத்துக்குக் காரோட்டிச் செல்ல ஒரு பிற்பகல் போதும்.